சீனப் பனைக்குக் கவ்வாத்து

பஸ் தேயிலைப் பெக்டரி வளைவைத் திரும்பியதும் வழக்கம்போல எட்டிப் பார்த்தேன். அந்த இடத்திலிருந்து பார்த்தால் பங்களாவின் சிவப்புத் தகரக் கூரை தெரியும். கூரைக்கு முன்னால் வரிசையாக என் பனைகளின் ஐந்து தலைகளும் தெரியும். அன்றைக்கு ஒரு தலைதான் தெரிந்தது.

மூடுபனி மறைக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனில் தை மாதத்து மூடுபனி ஆளையே விழுங்கிவிடும், நாலு பனை அதற்கு எம்மாத்திரம்? ஆனால் கூரை பளிச்சென்று தெரிகிறதே! கூரையை விட்டுவிட்டுப் பனையை மட்டும் மறைக்கிற மூடுபனி எந்த ஊரில் இருக்கிறது?

கரவனெல்லையில் தங்கச்சி சுதர்சினிக்குப் பிள்ளை பிறந்து, ஒன்பது நாள் கூட இருந்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தேன். கையில் இரண்டு பை. ஒன்றில் என் துணிமணி, மற்றதில் தங்கச்சி கட்டிக் கொடுத்த ஆறு தேங்காய். நான் சீட்டைவிட்டு எழும்பாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்ததால், கண்டக்டர் "அக்கே, பஹின்ன, பஹின்ன" என்று சிங்களத்தில் சத்தம் போட்டு இறக்கிவிட்டான். இறங்கினதும் இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு ஏற்றத்தில் ஓடினேன். நாற்பத்தாறு வயதில் ஒருத்தி அந்த ஏற்றத்தில் ஓடுவதைப் பார்த்து, மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

பங்களா வாசலில் போய் நின்றேன். நாலு பனைக்கும் தலை இல்லை.

முழங்கால் உயரத்துக்கு முடி மண்டிய தண்டு மட்டும் நின்றது. அதன் உச்சியில் முள்ளங்கியை நறுக்கினதுபோல் ஒரு வெள்ளை வட்டம். வட்டத்தின்மேல் தேயிலை நோய்க்கு அடிக்கிற நீல மருந்துப் பொடி. ஒவ்வொரு தண்டைச் சுற்றியும் நாலு குச்சி நட்டு, பிஸ்கட் டின் மூடி ஒன்றைக் கூரைபோலச் சாய்த்துக் கட்டியிருந்தது. தலையை வெட்டினதுமில்லாமல் தொப்பி வேறு போட்டிருக்கிறது! தேங்காய்ப் பை கையிலிருந்து நழுவிவிட்டது. தேங்காய்கள் உருண்டு மழைத் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுகிற சத்தம் கேட்டது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

பங்களாவில் சமையல் செய்கிற நல்லையா குசினிக் கதவைப் பாதி திறந்து தலையை மட்டும் நீட்டினான்.

"அக்கா, நான் ஒன்னும் செய்யலக்கா. உங்க வீட்டுக்காரருதான்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.

என் வீட்டுக்காரர் பெயர் ஐயாவு. வாயால் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை, எழுதினால் தோஷமில்லை என்று நினைக்கிறேன். தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிற ஆள். தேயிலைச் செடியை நாலைந்து வருடத்துக்கு ஒரு தடவை இடுப்புக்குக் கீழே இலை ஒன்று மிஞ்சாமல் வெட்டிவிடுவார்கள். மலை முழுக்க மொட்டைக் கட்டையாக நிற்கும். மூன்று மாதத்தில் திரும்பப் பச்சையாகிவிடும். இருபத்தைந்து வருடம் இதையே பார்த்த மனுஷனுக்கு, உலகத்தில் எதை வெட்டினாலும் தழைத்துவிடும் என்று ஒரு நினைப்பு. வீட்டில் ரோஜாவை வெட்டுவார், கொய்யாவை வெட்டுவார், ஒரு தடவை பக்கத்து வீட்டு எலுமிச்சையையும் வெட்டிவிட்டு வந்தார். எனக்குக் காய்ச்சல் வந்தால், "கிட்ட வராதீங்க, கத்தியத் தூக்கிருவீங்க" என்று கிண்டல் செய்வேன். அந்தக் கிண்டல் என் பனைகளின் தலையில் வந்து விடியும் என்று யாருக்குத் தெரியும்?

நாலு செடி வெட்டுப்பட்டதற்கு இவ்வளவு கூத்தா என்று கேட்பீர்கள். அது வெறும் செடி இல்லை.

அந்தப் பங்களா பழைய துரை பங்களா. பல வருடம் பூட்டிக் கிடந்ததைப் பலாங்கொடை ஆதிலா மேடம் குத்தகைக்கு எடுத்து, சுற்றுலாக்காரர்கள் தங்குகிற இடமாக்கினார். தோட்ட வேலைக்கு என்னைக் கூப்பிட்டார். இருபத்திரண்டு வருடம் கொழுந்து பறித்த கை, அன்றைக்குத்தான் கூடையை இறக்கியது. பங்களாவுக்குப் பின்னால், வேலிக்கு வெளியே இருந்த தோட்டக்காரர் வீட்டையும் எங்களுக்கு விட்டார். இரண்டு அறை, குசினிக்குள்ளேயே பைப், வாசலில் எங்களுக்கு மட்டுமான ஒரு கதவு. தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் நாங்கள் இருந்த ஓரறைக் காம்பராவைத் தோட்டத்தில் உடனே வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அதனால் இந்த வீட்டை விட்டால் எங்களுக்குத் திரும்பிப் போக இடமில்லை.

மேடம் வந்த முதல் வருடமே கொழும்பிலிருந்து அந்த ஐந்து கன்றையும் கொண்டுவந்து இறக்கினார். பனைமட்டைபோல விசிறி இலை, தண்டு முழுக்கக் கரடிபோல முடி.

"இது சீனப் பனை. குளிருக்குப் பயமில்ல. ஸ்னோ கொட்டுற நாட்டுலயும் வெளியிலதான் ஈக்கிற. ஒன்டும் மூடிப் பொத்தத் தேவல்ல கிருஷ்ணகுமாரி. குருத்துல தண்ணி தேங்காமப் பாத்துக்கொண்டாப் போதும்" என்றார்.

அதோடு இன்னொன்றும் சொன்னார். இந்த வேலை தற்காலிகம்தான். நாலாவது சித்திரைக்கு ஐந்தும் வேர் பிடித்து நின்றால், என் பெயரில் கடிதம் தருவார். நிரந்தர வேலை, வீடும் எங்களுக்கே. இல்லாவிட்டால் கொழும்பிலிருந்து தோட்ட வேலைக் கொம்பனி வரும், அவர்களுடைய ஆட்கள் அந்த வீட்டில் இருப்பார்கள். அதுவரை என் பெயர் சம்பளப் பேரேடான செக்ரோலில் ஒரு வரியாகத்தான் இருந்திருக்கிறது. எனக்கென்று, என் பெயர் போட்ட ஒரு கடிதம்! அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் குளிருக்குப் பயமில்லை என்று சொன்னதை மட்டும் நான் நம்பவில்லை. லயத்தில் இருந்தபோது மூன்று தென்னங்கன்று நட்டுப் பார்த்தவள் நான். மூன்றும் எங்கள் மலைக் குளிரில் மஞ்சளாகி, முனை கருகி, இரண்டு வருடத்தில் போய்ச் சேர்ந்தன. தென்னைக்கு ஆகாத குளிர் பனைக்கு மட்டும் ஆகுமா? மேடம் பலாங்கொடை டவுனில் இருந்துகொண்டு சொல்கிறார், இங்கே விடியற்காலைக் காற்றை வாங்குகிறவள் நான் அல்லவா?

அதனால் மார்கழி பிறந்ததும் இலைகளைக் கூட்டிக் கட்டி, உர மூட்டைக்குள் இருக்கிற கனத்த பொலித்தீன் உறையைத் தலையில் மாட்டி, கழுத்தில் இறுக்கிக் கட்டிவிடுவேன். மேடம் வருகிற நாளில் அவிழ்த்து ஒளித்துவைப்பேன், அவர் போனதும் திரும்ப மாட்டுவேன். "குமாரியக்கா பனைக்குச் சட்டை போடுது" என்று லயத்தில் சிரிப்பார்கள். மூன்று மார்கழி அப்படியே போனது, ஐந்தும் நின்றன. என் சட்டைதான் காப்பாற்றியது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த வருடம் குளிரோடு மழையும் விடாமல் பெய்து, மேடமும் வராமல் இருந்ததால் உறையைக் கழற்றவேயில்லை. கரவனெல்லைக்குப் புறப்படும்போதும் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

"உறையைத் தொடக் கூடாது. நான் வந்துதான் அவுப்பேன்."

"சரி" என்றார். அந்தச் சரிக்குக் கிடைத்த பலன்தான் இந்த நாலு மொட்டைக் கட்டை.

பின்னேரம் இவர் வேலை முடிந்து வந்தார். நான் புல்லிலேயே உட்கார்ந்திருந்தேன். கானில் விழுந்த தேங்காய்களைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"வந்துட்டியா புள்ள? கொழந்த எப்புடி இருக்கு?"

"யாரக் கேட்டு வெட்டினீங்க?"

"கவ்வாத்துப் பண்ணினேன்."

அதை ஏதோ தலைவாரினேன் என்பதுபோலச் சொன்னார். எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

"பனைக்கு யாராச்சும் கவ்வாத்துப் பண்ணுவாங்களா? தேயிலைக்கு உடம்பு பூரா கண்ணு இருக்கு, எங்க வெட்டினாலும் தழைக்கும். இதுக்கு ஒரே ஒரு குருத்து. அது போச்சுன்னா மரமே போச்சு. பச்சப்புள்ளைக்கும் தெரியுமே!"

"நோய் மாதிரி தெரிஞ்சிச்சு."

"என்ன நோய்?"

தேங்காயைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு மிஞ்சியிருந்த ஐந்தாவது பனையைக் காட்டி, "அது நல்லா இருக்கு. உறைய மட்டும் எடுத்துட்டேன். திரும்ப மாட்டிராத புள்ள" என்றார்.

"எனக்கே சொல்லித் தர்றீங்களா? இருவத்தாறு வருசத்துல எனக்குன்னு ஒன்னு இருந்திச்சா? இருந்த ஒன்னையும் வெட்டிப் போட்டுட்டீங்களே! உங்க கையில கத்தியக் குடுத்தவன் நல்லா இருப்பானா?"

அவர் தேங்காயை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். நான் எழும்பிப் போய் ஐந்தாவது பனைக்கு உறை மாட்டினேன். ஒன்றுக்கு இரண்டாக மாட்டினேன். அன்றிலிருந்து இவரோடு பேச்சில்லை. சோற்றை மூடிவைப்பேன், அவரே போட்டுத் தின்பார்.

அஞ்சாம் நாள் மேடம் வந்தார். கார்க் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ட அல்லாஹ்! ஆரு இத வெட்டின?"

பெயரைச் சொல்லும் வழக்கமில்லையே, அதனால் கையை நீட்டிக் காட்டினேன். இவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"இவருதான் மேடம். நான் ஊருல இல்ல. நல்லா நின்ன மரத்த வெட்டிட்டாரு."

இவர் தலையைத் தூக்கி என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஏன் வெட்டின நீங்க?" என்று மேடம் கேட்டார்.

"தப்பாயிருச்சு மேடம்" என்றார். அவ்வளவுதான். நோய் என்றுகூடச் சொல்லவில்லை.

மேடம் நாலு கட்டையையும் சுற்றிப் பார்த்தார். உறையை நான் காலையிலேயே அவிழ்த்து ஒளித்திருந்த ஐந்தாவதையும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஒங்கள்ல கோவமில்ல கிருஷ்ணகுமாரி. ஆனா ஊட்டு ஆள்ட கத்தியிலருந்தே தோட்டத்தக் காப்பாத்த ஏலாட்டி, நான் என்ன செய்யிற? பங்குனிக் கடைசியில கொம்பனிக்காரங்க வருவாங்க. கட்டையெல்லாம் அவங்களே மெஷினால புடுங்குவாங்க, நீங்க தொட வேணாம். அதுக்குள்ள ஊட்ட உட்டுத்தாங்க. இவரு இனி இந்தத் தோட்டத்துக்குள்ள கால் வைக்கக் கூடாது."

அதோடு என் கடிதமும் போனது, வீடும் போனது. மேடம் போய் வெளிக்கதவு சாத்துகிற சத்தம் கேட்டும் நான் அசையவில்லை. இப்படியும் ஒரு மனுஷன் தன் குடும்பத்தைக் கொண்டுபோய் நடுத்தெருவில் நிறுத்துவானா என்று திகைத்துப்போய் நின்றேன்.

தோட்டத்து ஒபீசில் போய் லயக் காம்பரா ஒன்று கேட்டேன். "பாப்பம்" என்றார்கள். அந்தப் "பாப்பம்" எத்தனை வருடம் இழுக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். சாமான்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தேன். இவர் மட்டும் தினம் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பிரட்டுக்குப் போகுமுன் வேலிக்கு வெளியே நின்று அந்த நாலு கட்டையையும் எட்டி எட்டிப் பார்ப்பார். வெட்டினவன் வெட்டின இடத்தைப் பார்க்க வருவானாம், அதுபோல இருந்தது எனக்கு. அந்தப் பக்கமே நான் போகவில்லை. ஐந்தாவது பனையோடு மட்டும் என் உலகம் நின்றது. மேடம் போனதும் திரும்ப இரண்டு உறையையும் மாட்டி, இன்னும் இறுக்கிக் கட்டியிருந்தேன்.

மாசியில் ஒரு காலை. மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. ஐந்தாவது பனைக்குப் பக்கத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். எலி செத்த நாற்றம் அடித்தது. சுற்றிலும் தேடினேன், எலி இல்லை. குனிந்தால் குறைகிறது, நிமிர்ந்தால் கூடுகிறது. உறையை அவிழ்த்தேன். உலை கொதிக்கிற பானையின் மூடியைத் திறந்ததுபோல உள்ளே முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். இலைகள் பச்சையாகத்தான் இருந்தன. நடுக்குருத்து மட்டும் கொஞ்சம் வெளிறிச் சாய்ந்திருந்தது. நிமிர்த்திவிடலாம் என்று இரண்டு விரலால் தொட்டேன்.

கையோடு வந்துவிட்டது.

நான் இழுக்கவேயில்லை, சத்தியமாகத் தொட்டது மட்டும்தான். முழங்கை நீளக் குருத்து, அடியில் கறுத்துக் கூழாகி, கொழகொழவென்று என் விரலில் வடிந்தது. அந்த நாற்றம்தான் எலி நாற்றம். "ஐயோ" என்று நான் போட்ட சத்தத்தில் நல்லையா அகப்பையோடு ஓடிவந்தான். என் கையில் இருந்ததைப் பார்த்ததும் அவன் முகம் செத்துவிட்டது.

"இதுவுமாக்கா?" என்றான்.

"இதுவும்னா? என்னடா சொல்ற?"

அவன் அகப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதட்டின பிறகுதான் வாயைத் திறந்தான்.

"அந்த நாலும் இப்புடித்தான்கா கையோட வந்திச்சு. நீங்க போன நாலாம் நாளு நாத்தம் தாங்காம நான்தான் அண்ணனக் கூப்புட்டேன். உறைய அவுத்துத் தொட்டாரு, ஒவ்வொன்னா வந்திருச்சு. அப்புடியே ஒக்காந்துட்டாரு. அப்புறம் கத்தியக் கொண்டாந்து கொஞ்சம் கொஞ்சமா சீவினாரு, வெள்ள தெரியிற வரைக்கும் சீவினாரு. ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு என்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாருக்கா."

ஸ்னோவில் நிற்கிற மரத்தை மூச்சுவிடாமல் கட்டிவைத்து அழுகவைத்தவள் நான். பொத்த வேண்டாம் என்று மேடம் முதல் நாளே சொன்னார். திரும்ப மாட்டாதே என்று இவர் கெஞ்சாத குறையாகச் சொன்னார். நான் ஒன்றுக்கு இரண்டாக மாட்டினேன். நல்லா நின்ன மரமாம்! எந்த வாயால் சொன்னேன்?

குருத்தைக் கையில் பிடித்தபடியே ஒன்பதாம் நம்பர் மலைக்கு நடந்தேன். அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாகக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். வாரக்கணக்காய்ப் பேசாத பெண்டாட்டி மலையேறி வருவதைப் பார்த்து எல்லாக் கத்தியும் நின்றது.

"வாங்க. கத்தியோட வாங்க" என்றேன்.

"மேடம் உள்ள வரக் கூடாதுன்னாங்களே."

"நான் கூப்புடுறேன். வாங்க."

அப்போதுதான் என் கையிலிருந்ததைப் பார்த்தார். கத்தியைத் துடைத்துக்கொண்டு கூட வந்தார். பாதி வழியில் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா என்ன ஆவும்? கவ்வாத்துக்காரன் கெடுத்தான்னா பழி கவ்வாத்துக்காரனோட போயிரும். தோட்டக்காரியே கெடுத்துட்டான்னு தெரிஞ்சா ஒன் வேல போயிருமேன்னு பாத்தேன்."

"எப்புடியும் போயிருச்சே!"

"அது எனக்குத் தோணல புள்ள" என்றார்.

இந்த மனுஷனை வைத்துக்கொண்டு அழுவதா அடிப்பதா என்று தெரியாமல் நடந்தேன்.

ஐந்தாவது பனையின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். முதல் வெட்டு, உள்ளே கறுப்பு. ஒரு விரல் கனம் சீவினார், பழுப்பு. முகர்ந்து பார்த்தார், தலையாட்டினார். இன்னொரு விரல். இன்னொன்று. கடைசியில் மாசு மறு இல்லாத வெள்ளை வந்தது. கத்தியைக் கீழே வைத்தார். நீல மருந்தைத் தூவினார்.

"பொழைக்குமா?"

"தெரியாது. தேயிலையில கறுப்புத் தெரிஞ்சா வெள்ள வர்ற வரைக்கும் வெட்டுவோம். எனக்குத் தெரிஞ்சது அது ஒன்னுதான்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "அந்தப் பக்கம் போயிப் பாத்தியா நீ?" என்று கேட்டார்.

பார்க்கவில்லை. ஒரு மாதத்துக்குமேலே அந்தப் பக்கம் தலைவைக்கவில்லை. அவர் முன்னால் போய் முதல் கட்டையின் டின் மூடியைத் தூக்கினார்.

வெள்ளை வட்டம் காய்ந்து பழுப்பாகியிருந்தது. அதன் நடுவிலிருந்து ஒரு விரல் நீளத்துக்குப் பச்சையாக ஒன்று எழும்பி நின்றது. நான் குனிந்து பார்த்தேன். இலைதான். ஆனால் அதற்கு நுனி இல்லை! கத்தரிக்கோலால் நறுக்கினதுபோல உச்சி நேராக இருந்தது. தண்டுக்குள் மடிந்து கிடந்த இலையைத்தான் அன்றைக்கு இவர் கத்தி குறுக்கே வெட்டியிருக்கிறது. வெட்டுப்பட்ட இலை சாகாமல், வெட்டோடு அப்படியே மேலே வந்திருக்கிறது. அடுத்த மூடியையும் அதற்கடுத்ததையும் நானே தூக்கினேன். அவையும் அப்படியே. நாலாவது மட்டும் எழும்பவில்லை, விரலால் அழுத்தினால் உள்ளே போனது. அது போனது போனதுதான். அதைக் கொன்றவள் நான்தான்.

இதற்குத்தான் வேலியில் நின்று எட்டி எட்டிப் பார்த்திருக்கிறார்.

பங்குனி முடிய இரண்டு நாள் இருக்கும்போது மேடம் வந்தார். நான் சாக்கு மூட்டைகளை வாசலில் அடுக்கி, வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மேடம் கட்டைகளுக்கு முன்னால் போனதும் கைப்பையை அப்படியே புல்லில் போட்டுவிட்டார். மூன்று கட்டையில் ஒரு சாண் விசிறி விரிந்திருந்தது, எல்லா விசிறிக்கும் உச்சி மட்டம் வெட்டினதுபோல. ஐந்தாவதில் பச்சை முளை எட்டிப் பார்த்தது.

"செத்த மரமெண்டு நெனச்சனே! இது எப்பிடி? நீங்களா காப்பாத்தின கிருஷ்ணகுமாரி?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். வீடு, வேலை, கடிதம், எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆசை இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது. வேலிக்கு வெளியே இவர் நின்றுகொண்டிருந்தார். மேடம் சொன்ன சொல்லுக்காக அன்றைக்கும் ஒரு காலைக்கூட உள்ளே வைக்காமல் நின்றார். அதைப் பார்த்த பிறகு அந்த ஆமாம் வாயைத் தாண்டவில்லை.

"நான் காப்பாத்தல மேடம். நான்தான் கொன்னேன். நீங்க வேணாம்னு சொல்லியும் பொலித்தீன் போட்டுப் பொத்தி அஞ்சையும் அழுக வச்சேன். நல்லா நின்ன மரமில்ல அது. இவரு வெட்டினதாலதான் நாலு மிஞ்சிச்சு. அன்னைக்குத் தெரியாம இவர் மேல பழி போட்டேன். தெரிஞ்ச பொறகும் ஒரு மாசமா உங்களுக்குச் சொல்லாம இருந்தேன்."

மேடம் என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தாலும் பரவாயில்லை. பிறகு காருக்குப் போய் ஒரு பைலை எடுத்துவந்தார். உள்ளே டைப் அடித்த கடிதம், பெயர் போடுகிற இடம் காலி.

"கொம்பனிக்காரனுக்கு வர வேணாமெண்டு செல்லிடுறேன். தோட்டத்தப் பாக்க வேண்டியவர் இவர்தான்" என்றார். வேலியைப் பார்த்து, "உள்ளுக்கு வாங்க. ஒங்கட முழுப் பேரச் செல்லுங்க, இதுல எழுதோணும்" என்றார்.

வீடு தப்பியது. அதுவே பெரிது என்று என் மனதுக்குச் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. என் கடிதம் இன்னொரு பெயரில் போகிறதே என்று நெஞ்சு எரிந்தது. நியாயம்தான் என்று தெரிந்தும் எரிந்தது.

இவர் உள்ளே வந்து தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"கிருஷ்ணகுமாரி" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இருபத்தாறு வருடத்தில் புள்ள என்றும் ஏய் என்றும்தான் கூப்பிட்டிருக்கிறார். என் பெயரை முழுதாக இவர் வாயால் அன்றைக்குத்தான் கேட்டேன்.

"ஒங்கட பேரத்தானே கேட்ட?" என்றார் மேடம்.

"எனக்கு வெட்ட மட்டும்தான் மேடம் தெரியும். நான் பாத்தா இந்தத் தோட்டத்துல புல்லுகூட மிஞ்சாது. வளக்கத் தெரிஞ்சது இவளுக்குத்தான், கொஞ்சம் அதிகமா வளத்துட்டா. கிருஷ்ணகுமாரின்னே போடுங்க."

மேடத்தின் பேனா காகிதத்துக்கு மேலே அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், குனிந்து என் பெயரை எழுத ஆரம்பித்தார். இவர் எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல், நாலாவது கட்டையைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் என்ன நடலாம் என்று காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.